டீச்சர் ஒரு தடவைதான் சொன்னார்

கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் கொள்முதல் பிரிவில் இருந்தேன். கொள்முதல் என்றால் வாங்குவது. வாங்குவது என்றால் எதிரில் உட்கார்ந்திருப்பவரை நம்பாமல் இருப்பது. அவர் நூறு என்றால் எழுபதுக்குக் கட்டுப்படியாகும். "இதுதான் சார் கடைசி, இதுக்கு மேல என் கழுத்தை அறுத்தாலும் முடியாது" என்றால் இன்னும் ஐந்து இறங்கும். டீ சொல்லட்டுமா என்று கேட்டால் சரக்கில் ஏதோ கோளாறு. இப்படியே பழகிப்போன மண்டையை, ஓய்வு பெற்ற அன்று அடையாள அட்டையோடு சேர்த்து வாங்கிக்கொண்டிருக்கலாம். அட்டையை மட்டும்தான் வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டில் இருக்க ஆரம்பித்ததும், மனைவி என்னைச் சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனாள். இரண்டே வாரத்தில் நிறுத்தியும் விட்டாள். வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்து, எப்போது பிடித்தது, ஐஸில் எத்தனை நாள் கிடந்தது, நேற்று மிச்சம் வந்ததை என்ன செய்தீர்கள் என்று நான் விசாரித்த விசாரணையில் மீன்காரம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னா நைனா, மீன் வாங்க வந்தியா, கேஸ் போட வந்தியா? யம்மா, இவர வூட்டுல வுட்டுட்டு வா. மீனே பயந்துகினு கீது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேச்சை மாற்றுகிறார் என்றால் மீன் நேற்றையதாகத்தான் இருக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் தொழிலை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் பொய் பேசும் தொழில் என்பார்கள். நாங்கள் அப்படி நினைத்ததில்லை. "எனக்கு ஓகே சார், ஆனா மேலிடம் ஒத்துக்காது" என்று ஒரு பேச்சு உண்டு. அந்த மேலிடம் பெரும்பாலும் இருக்காது. சொல்பவனுக்கும் அது தெரியும், கேட்பவனுக்கும் தெரியும். கேட்பவன் கோபித்துக்கொள்ள மாட்டான். "அப்ப உங்க மேலிடத்துக்கிட்ட நான் ரெண்டு பர்சென்ட் விட்டுத் தர்றேன்னு சொல்லுங்க" என்பான். இல்லாத ஓர் ஆளை நடுவில் உட்கார வைத்து, முகம் கோணாமல் பேசி முடித்துவிடுவோம். பாண்டி பஜார் நடைபாதையில் பை விற்பவர் "முதலாளி திட்டுவாரு சார்" என்கிறாரே, அதுவும் இதுதான். அவர்தான் முதலாளி. அது தெரிந்துதான் நாமும் இன்னும் இருபது ரூபாய் குறைக்கச் சொல்கிறோம். இதில் ஏமாந்தவர் யாருமில்லையே, பிறகு எப்படி இது பொய் ஆகும் என்பது என் கட்சி.

ஒரே ஒரு முறை இந்தக் கணக்கு தப்பியது. ஜெர்மனியிலிருந்து இயந்திரம் விற்க வந்த ஒருவரிடம் வழக்கம்போல மேலிடத்தைக் காட்டினேன். அவர் நோட்டை மூடினார். முடிவெடுக்கும் அதிகாரம் உங்களிடம் இல்லை என்பது தெரியாமல் இவ்வளவு நேரம் தொந்தரவு செய்துவிட்டேன், மன்னிக்க வேண்டும், உங்கள் மேலதிகாரியை எப்போது பார்க்கலாம் என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். அதிகாரம் முழுக்க என்னிடம்தான் இருந்தது. பக்கத்து அறையில் இருந்த ஒருவரை அவசரமாக மேலதிகாரியாக்கி அன்றைக்குச் சமாளித்தேன். மதியம் கேன்டீனில் அந்த மனிதரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். விவரம் இல்லாத ஆள் என்று முடிவு கட்டினோம்.

நாங்கள் குடியிருந்தது மயிலாப்பூரில், கோயில் குளத்துக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி, எட்டு வீடுகள் உள்ள ஒரு பழைய கட்டடம். கம்பிகள் துருப்பிடித்து, கூரையிலிருந்து சிமென்ட் பெயர்ந்து விழத் தொடங்கியதும் இடித்துக் கட்டலாம் என்று எல்லோரும் பேசி முடிவெடுத்தோம். தி. நகரில் ஆபீஸ் வைத்திருக்கும் ஒரு பில்டர் முன்வந்தார். அவர் செலவில் கட்டுவார், நமக்கு ஆளுக்கு ஒரு புது வீடு, கூடுதலாகக் கட்டுவதை அவர் விற்றுக்கொள்வார். சங்கத்தின் செயலாளர் நான். பேசப் போனதும் நான்தான். "அந்த ஆளுக்கு நீங்கதான் சார் சரி" என்று மாடி வீட்டுக்காரர் சொன்னதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

பில்டரின் அறையில் வருகிறவர்கள் உட்காரும் நாற்காலி அவருடையதைவிட ஒரு சாண் தாழ்வாக இருந்தது. இந்த வேலையெல்லாம் நானும் செய்தவன் என்பதால் நின்றுகொண்டே பேசினேன். முந்திரி வந்தது, தொடவில்லை. இரண்டு மாதம் அவரை அப்படி இப்படி என்று புரட்டி எடுத்தேன். குழாய் எந்தக் கம்பெனி, கம்பி எத்தனை எம்.எம்., கட்டி முடியும் வரை அவர் தரும் வாடகைப் பணம் எந்தத் தேதி என்று எல்லாவற்றையும் எழுதி வாங்கினேன். அதையெல்லாம் நன்றாகவே செய்தேன், இப்போதும் சொல்வேன்.

கீழ் வீட்டில் டீச்சர் இருந்தார். ஒரு கான்வென்ட் பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். சாந்தோம் பக்கத்துக் குடும்பம், நாலைந்து தலைமுறையாக வாத்தியார்கள். அவருடைய கணவர் ரயில்வேயில் இருந்தவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. தினமும் நாலரை மணிக்கு டீச்சர் அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து கேட்டருகே நிறுத்துவார். ஆறரை வரைக்கும் அவர் அங்கேதான். பூ விற்பவர், ஆட்டோக்காரர்கள், டியூஷனுக்குப் போகும் பிள்ளைகள், கோயிலுக்குப் போகிற கூட்டம், எல்லோருக்கும் இடது கையைத் தூக்குவார். அவர்களும் தூக்குவார்கள். அவருடைய நாளே அந்த இரண்டு மணி நேரம்தான்.

புதுக் கட்டடத்தின் வரைபடத்தில் கீழே வீடே இல்லை. இப்போதெல்லாம் எங்கும் அப்படித்தானே, தரையில் தூண்களும் கார்களும் மட்டும். சங்கக் கூட்டத்தில் அதைப் பார்த்துவிட்டு டீச்சர் எழுந்தார்.

"சார், எங்களுக்குக் கீழ்வீடு வேணும். லிஃப்ட் இருக்கும்னு சொல்லுவீங்க. கரன்ட் போய் உள்ள மாட்டிக்கிட்டா அவரால கத்தக்கூட முடியாது. எத்தனை சின்னதா இருந்தாலும் பரவாயில்லை. வேற எதுவும் நான் கேக்கல."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான். அழவில்லை, விவரம் கேட்கவில்லை, திரும்பச் சொல்லவில்லை. எனக்கு அங்கேதான் உறைத்தது. உண்மையிலேயே ஒன்று வேண்டும் என்றால் மனிதர்கள் பத்துத் தடவை கேட்பார்கள், கெஞ்சுவார்கள், சண்டை போடுவார்கள். இந்த அம்மா ஒரு தடவை சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிறார் என்றால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. கீழ்வீடு என்பது ஆரம்ப விலை. அதைத் தர முடியாது என்றதும், அப்படியானால் இருநூறு சதுர அடி கூடக் கொடுங்கள் என்பார். இதுதான் என் கணிப்பு.

அடுத்த வாரமே பில்டர் டீச்சர் வீட்டிலிருந்து வெளியே வருவதைப் பார்த்தேன். கையில் ஒரு பொட்டலம். நாலு நாள் கழித்து மறுபடியும் வந்தார், அரை மணி நேரம் உள்ளே இருந்தார். எனக்கு மூக்கு வேர்த்துவிட்டது. நம் முதுகுக்குப் பின்னால் தனி பேரம் நடக்கிறது! மனைவியிடம் சொன்னேன்.

"அவர் பொண்ணுக்குக் கணக்கு வரலியாம், டீச்சர்கிட்ட கேக்க வந்தாரு. டீச்சர் கேக் குடுத்து அனுப்பினாங்க. நமக்கும்தான் குடுத்தாங்க, நீங்கதானே தின்னீங்க?" என்றாள்.

"அது வெளியில சொல்றது" என்றேன்.

"உங்களுக்கு எதுதான் உள்ள சொல்றது? கொஞ்சம் மனுஷங்களை மனுஷங்களாப் பாருங்க" என்று எழுந்து போய்விட்டாள்.

அதற்கு அடுத்த நாள் பில்டரே என்னைக் கூப்பிட்டார். மேஜையில் வேறொரு வரைபடத்தை விரித்தார். பின்பக்கம் ஒரு படுக்கையறையோடு சின்னதாக ஒரு கீழ்வீடு.

"டீச்சருக்கு இது மாதிரி பண்ணலாம் சார். ரெண்டு கார் வெளிய காம்பவுண்டு ஓரமா நிக்க வேண்டி வரும், அவ்ளோதான். அதுல உங்க கார் ஒண்ணு. நீங்க சங்கத்துல சொல்லிட்டா நான் போட்டுடறேன்."

ஒரு பில்டர் தானாக வந்து விட்டுக்கொடுக்கிறாரா? காதில் பூ சுற்றுகிறார் என்று நினைத்தேன். இரண்டு பேரும் முன்பே பேசி வைத்துக்கொண்டு, என் வாயால் சொல்ல வைக்கப் பார்க்கிறார்கள். முதலில் டீச்சரின் ஆழத்தைப் பார்ப்போம், இந்தச் சீட்டைக் கையிலேயே வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தேன். என் கார் வெயிலில் நிற்க வேண்டி வரும் என்பது அந்த முடிவில் எவ்வளவு இருந்தது? அப்போது கேட்டிருந்தால் துளிகூட இல்லை என்று அடித்துச் சொல்லியிருப்பேன். உலகத்தில் எல்லோரையும் சந்தேகப்பட்ட நான் என்னை மட்டும் விட்டுவிட்டேன்.

மறுநாள் டீச்சர் வீட்டு வாசலில் நின்றபடி சொன்னேன்: "பேசிப் பார்த்தேன் டீச்சர். கீழ்வீடு முடியவே முடியாதுன்னுட்டாரு."

டீச்சர் என்னைப் பார்த்தார். "அப்படியா சார்? நல்லாக் கேட்டுப் பார்த்தீங்கல்ல?"

"ரெண்டு தடவை கேட்டேன்."

"நீங்களே கேட்டு முடியலைன்னா, முடியாதுதான்" என்றார். காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

எதிர்க் கோரிக்கைக்காகக் காத்திருந்தேன். ஒரு வாரம் வரவில்லை. பத்தாம் நாள் டீச்சர் எங்கள் வீட்டுக்கு ஏறி வந்து, தங்கள் பங்கைப் பில்டருக்கே விற்றுவிடப் போவதாகச் சொன்னார். எப்படியும் மாடிதான் என்றால், சைதாப்பேட்டையில் தங்கையின் வீட்டு மாடி காலியாக இருக்கிறதாம், தங்கை கீழேயே இருப்பதால் அவரைத் தூக்க, குளிப்பாட்ட ஒரு துணை இருக்குமாம்.  பேரத்தில், பையில் காகிதங்களைத் திணித்துக்கொண்டு கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வரும் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! திரும்பி வருவார் என்று நினைத்தேன். சாமான்களை அட்டைப்பெட்டியில் கட்டும்போதுகூட அப்படித்தான் நினைத்தேன்.

எல்லோருக்கும் ஒரே நாளில் பில்டரோடு பத்திரப் பதிவு. டீச்சருடைய முறை கடைசியில் வந்தது. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, பத்திரத்தைப் பார்க்காமல், எதிரில் இருந்த என்னையே பார்த்தார். இரண்டு நிமிஷம் இருக்கும். எங்கள் தொழில்காரர்களுக்கு அந்த மௌனம் நன்றாகத் தெரியும். ஜப்பான்காரர்கள் அதில் கெட்டிக்காரர்கள். ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள், நம்மவர்களுக்குத் தாங்காது, தாங்களாகவே விலையை இறக்கிவிடுவார்கள். முதலில் வாயைத் திறப்பவன் தோற்றான். நான் அவரையே பார்த்துக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருந்தேன். டீச்சர் குனிந்து கையெழுத்துப் போட்டார்.

நாங்கள் வாடகைக்கு அடையாறு போனோம். ஒரு மாதம் கழித்து மனைவி சைதாப்பேட்டைக்குப் போய் அவர்களைப் பார்த்துவிட்டு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னாள்.

"படி ஒரு ஆள் அகலம்தான் இருக்கு. பிளாஸ்டிக் சேர்ல உட்கார வெச்சு நாலு பேர் தூக்கி ஏத்தினாங்களாம். பாதியில சேர் சாஞ்சு பயந்துட்டாரு. அன்னைக்கு ஏத்தினதுதான், இன்னும் எறக்கல. ஜன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து இருக்கு."

அன்று நான் சாப்பிடவில்லை. பின்பக்கக் கீழ்வீட்டைப் பற்றி மனைவியிடம் அப்போதுதான் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "போய்ச் சரி பண்ணுங்க" என்றாள். அப்புறம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

தி. நகருக்கு ஓடினேன். தாழ்வான அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். என் கார் வெளியே நிற்கட்டும், இன்னொரு கார்க்காரரிடமும் பேசிச் சம்மதம் வாங்கிவிட்டேன், டீச்சர் விற்ற விலைக்கே அந்தப் பின்வீட்டை அவருக்குத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். பேரம் பேசவில்லை, கேட்டேன். பில்டர் பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை பிளானை அப்ரூவலுக்குக் குடுக்கப் போறோம் சார். அதுக்குள்ள அவங்க வந்து சரின்னு சொன்னாப் பண்ணிடலாம். எனக்கும் அவங்கன்னா மரியாதை" என்றார்.

அன்று செவ்வாய். நேராகச் சைதாப்பேட்டைக்குப் போனேன். அந்தப் படியில் ஏறும்போது இரண்டு தோளும் சுவரில் உரசின. டீச்சர் கதவைத் திறந்து, உட்காருங்கள் என்றார். அவர் கணவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கவில்லை. என்னை அடையாளம் தெரிகிறதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். பில்டர் முடியாது என்று சொல்லவில்லை, நான்தான் அப்படிச் சொன்னேன், தப்பு என்னுடையது என்று சொல்லி முடித்தேன்.

"தெரியும் சார்" என்றார் டீச்சர். "கையெழுத்துக்கு முந்தின நாளே தெரியும். சார்கிட்ட ஒரு பின்வீடு காட்டினேனே, அது வேணாமான்னு பில்டரே கேட்டாரு."

"தெரிஞ்சுமா போட்டீங்க? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே டீச்சர்!"

எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது. நியாயமே இல்லாத கோபம்தான், ஆனால் வந்தது.

"வகுப்புல நான் அப்படிக் கேக்க மாட்டேன் சார். யார் தப்பு பண்ணாங்கன்னு தெரிஞ்சாலும் பேரைச் சொல்ல மாட்டேன். சும்மா நின்னு பார்ப்பேன். அவங்களா எழுந்து நிக்கட்டும்னு விட்டுடுவேன். எட்டாங்கிளாஸ் பசங்க, எத்தனையோ பேர் எழுந்து நின்னிருக்காங்க. அன்னைக்குப் பேனாவை வெச்சுக்கிட்டு உங்களைப் பார்த்தேனே, அதுக்குத்தான். நீங்க சொல்லியிருந்தா அங்கேயே பத்திரத்தை நிறுத்தியிருப்பேன்."

 வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொன்னேன். இன்னும் மூன்று நாள் இருக்கிறது, ஒரு தடவை வந்தால் போதும், நானே வண்டி வைத்து அழைத்துப் போகிறேன் என்றேன்.

 டீச்சர் கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இதுல உங்களுக்கு என்ன சார்?"

"ஒண்ணுமில்ல டீச்சர்."

"ஒண்ணுமில்லாம நீங்க எதுக்கு வரணும்? பில்டருக்கு ஏதாவது சிக்கலா? எங்க கையெழுத்து வேற எதுக்காவது வேணுமா?"

"சத்தியமா இல்ல டீச்சர். வேணும்னா எழுதிக் குடுக்கறேன்."

"பத்திரத்துலயும் எல்லாம் எழுதித்தான் இருந்துது. அவரை மறுபடியும் அந்தப் படியில நாலு பேர் எறக்கி, அப்புறம் அங்க வீடுன்னு ஒண்ணு இல்லைன்னா? பார்க்கறேன் சார். என் தங்கச்சி வீட்டுக்காரரையும் கேட்டுச் சொல்றேன்."

வாழ்நாளில் முதல் தடவையாக, மறைத்து வைக்க ஒன்றுமே இல்லாமல் ஒருவர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அதை அவருக்குக் காட்ட ஒரு வழியும் தெரியவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் என்னை நம்பியிருக்க மாட்டேன். டீச்சர் வாசல் வரைக்கும் வந்தார். நான் படியிறங்கித் தெருவுக்கு வந்து சேரும் வரை மேலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வழியனுப்ப அப்படி நின்றது போல எனக்குப் படவில்லை.

புதன்கிழமை போன் செய்தேன், எடுக்கவில்லை. வியாழக்கிழமை மனைவி டீச்சரோடு போனில் பேசினாள். யோசித்துக்கொண்டிருக்கிறோம் என்றாராம். வெள்ளிக்கிழமை மாலை பில்டர் ஆபீஸிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். பழைய பிளானையே கொடுத்துவிட்டோம் சார், உங்கள் கார் உள்ளேயேதான் வருகிறது, லிஃப்டுக்குப் பக்கத்தில், என்றார். சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது.

டீச்சரின் கணவர் இன்னும் அந்த மாடியில்தான் இருக்கிறார்.